தண்ணீர் சூடாகாவிட்டால் ஹீட்டர்தான் காரணமா?

"தண்ணி சூடாகல, ஹீட்டர் போச்சு." அஞ்செட்டிப் பக்கம் வாஷிங் மெஷின் உள்ள வீடுகளில் முதலில் வரும் பேச்சு இதுதான். தேன்கனிக்கோட்டையிலிருந்தோ ஓசூரிலிருந்தோ மெக்கானிக் காட்டுவழியாக வந்து சேர வேண்டிய ஊர் இது. அவர் புது ஹீட்டரோடு கிளம்பும் முன் சிலவற்றை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

டாப் லோடு மெஷின்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. ஃப்ரண்ட் லோடில் 'கோல்டு' வைத்திருந்தால் சூடாகாது. 40 டிகிரி வைத்தாலும் கதவுக் கண்ணாடி இளஞ்சூடாகத்தான் இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது வோல்டேஜ். 230 வோல்டில் 2000 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்டில் சுமார் 1225 வாட்தான் தரும். வோல்டேஜ் குறைந்தால் சூடு அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 21 நிமிடம் போதும் என்றால், லோ வோல்டேஜில் 34 நிமிடம் ஆகும். பம்ப் மோட்டார்கள் ஓடும் மாலை நேரத்தில் மட்டும் சூடு வரவில்லையென்றால் ஹீட்டர்மேல் குற்றமில்லை.

ஹீட்டரைச் சோதிப்பது மெக்கானிக்குக் கஷ்டமில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டர் ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 2000 வாட் ஹீட்டர் 26 ஓம்ஸ் அளவில் காட்டும். காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. அப்போது கருகிய ஒயர் முனை, வெப்பநிலை சென்சார், போர்டிலுள்ள ரிலே ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 9 ஆம்பியர் ஓடும் முனை லூசாக இருந்தால் கருகிவிடும். அதற்காக ஹீட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

"ஃப்ளோரைடு தண்ணிதான் ஹீட்டரைக் கெடுக்குது" என்பதும் தவறு. ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஹீட்டரில் படியும் வெள்ளைக் காரை, போர் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தால் வருவது. காரை படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்பார்கள். அப்படியில்லை. ஹீட்டர் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகும். ஆனால் சூடு காரையைத் தாண்டி மெதுவாகவே வெளியேறுவதால், உள்ளிருக்கும் காயில் அதிகம் காய்ந்து அறுந்துவிடும். 60 டிகிரியைக் குறைத்து 40இல் துவைத்தாலே காரை குறையும். படிந்ததை எடுக்க எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போட்டு, துணியில்லாமல் ஓட்டலாம். பிளீச்சிங் பவுடரை அதோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். கக்கூஸ் ஆசிட்டையும் ஊற்றாதீர்கள், டிரம்மையே தின்றுவிடும்.

இதையெல்லாம்விட ஆபத்தானது இன்னொன்று. "சூடாகும்போது டிரிப்பர் விழுது, அதைக் கழட்டிட்டு நேரா கொடுத்திடு." இப்படிச் செய்து உயிரை விடாதீர்கள். ஹீட்டரின் உறை விரிசல்விட்டுத் தண்ணீர் உள்ளே போனால், கரண்ட் கசிந்து மெஷின் பாடிக்கு வரும். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே விழுந்து அந்த டிரிப்பர் (ஆர்.சி.சி.பி.) உங்களைக் காக்கிறது. ஓம்ஸ் சரியாகக் காட்டினாலும் இப்படிக் கசியும் ஹீட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும். அதுவரை பிளக் வெளியிலேயே இருக்கட்டும்.