முதல் கம்பளிச் சட்டை பின்னுதல்

தமிழ்நாட்டுச் செம்மறிகளுள், மெல்லிய ஆடைக்கேற்ற கம்பளி தருவது நீலகிரி இனமாகும். அக்குளிர்ப் பிரதேசத்தில் ஸ்வெட்டர் எனும் பின்னற் சட்டை குடும்பத்தினர் யாவருக்கும் வேண்டுவதே.

புதிதாகக் கற்போர் பல நிறக் கோலங்களை நாடாது, எளிய சட்டையொன்றைத் தெரிந்துகொள்ளுதல் நலம். நூல் சற்றுப் பருமனாகவும் வெளிர் நிறமாகவும் இருப்பின், கண்ணிகள் தெளிவாகத் தெரியும். பிழையையும் உடனே காணலாம்.

விதைக்குமுன் முளைப்புத் திறனைச் சோதிப்பதுபோல, சட்டை தொடங்குமுன் மாதிரித் துண்டு பின்னுதல் அவசியம். அதனை நனைத்து உலர்த்தியபின், நடுவில் 10 சென்டிமீட்டர் அகலத்திலுள்ள கண்ணிகளை எண்ணுக.

மார்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டராயின், சட்டையின் சுற்று 100 இருத்தல் வேண்டும்; முன்புறம் மட்டும் 50. மாதிரியில் 20 கண்ணிகள் இருப்பின், முன்புறத்திற்கு 100 கண்ணிகள் போதும். கை இறுகி 22 கண்ணிகள் விழுமாயின், அதே 100 கண்ணிகளில் சட்டையின் சுற்று ஏறக்குறைய 91 ஆகக் குறுகி, உடலை இறுக்கும்.

கண்ணிகள் மிகுந்தால் பருத்த ஊசியையும், குறைந்தால் மெல்லிய ஊசியையும் கொண்டு மீண்டும் சோதிக்க வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் செய்யும் இச்சோதனை, பல வார உழைப்பு வீணாகாமற் காக்கும்.