பிடித்த இடமும் தொட்டிமீனின் விலையும்

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொழும்புக்குச் சென்றால், விற்பவர் முதலிற் கூறுவது அது யாழ்ப்பாணத்தது என்பதே. ஊர்ப்பெயருக்கும் ஒரு விலை உண்டு என்பதைக் கமக்காரர் நன்கறிவர். கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் கடல்மீன்களின் வியாபாரத்திலும் இவ்வழக்கம் உண்டு. தோட்டத்துடன் கடற்றொழிலையும் நடத்தும் கரையோரக் குடும்பங்கள் இதன் காரணத்தை அறிந்திருத்தல் நன்று.

நிறம் ஒரு காரணமாகும். நீல உடலும் மஞ்சள் வாலும் உடைய ஒருவகை மீன் பசிபிக் சமுத்திரத்திலும் இந்து சமுத்திரத்திலும் வாழ்கின்றது. ஆபிரிக்கக் கரையிற் பிடிபடுவதன் வயிறும் மஞ்சளாயிருக்கும். அதற்கு விலை கூட.

ஆயினும் பெரிய காரணம் பிடிக்கும் முறையே. பிலிப்பைன்சில் 1960களில், முருகைக்கற்பாறை இடுக்குகளிற் சயனைட்டு நஞ்சைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் தொடங்கிற்று. பின்னர் இந்தோனேசியாவுக்கும் பரவிற்று. அவ்வாறு பிடித்த மீன் விற்கும்போது பழுதற்றதாகவே தோன்றும். வாங்கியவர் வீட்டில் சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடும். மருந்தடித்த மறுநாளே சந்தைக்கு வரும் மரக்கறியைப் போல, இங்கும் குற்றம் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே வாங்குவோர் மீனை விட்டு ஊரைப் பார்க்கத் தலைப்பட்டனர். அதே கடலில் வலையாற் பிடித்த அயலவரின் மீனும் ஐயத்துக்குள்ளாயிற்று. இது அநியாயமே, ஆனாற் சந்தை அப்படித்தான் கணக்கிடுகின்றது.

இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் நஞ்சையும் வெடியையும் தடைசெய்துள்ளது. சுழியோடிகள் வலையையே கையாளுகின்றனர். ஆனால் பாறைமேற் போர்த்திப் பிடிக்கும் வலை முருகைக்கல்லை உடைத்துவிடும். உடைந்த பாறையில் மீன் தங்காது.

பருவமும் கவனிக்கத் தக்கது. சோளகக் காலத்தில் தெற்கு, மேற்குக் கடல்கள் கொந்தளிப்பதால், சுழியோடிகள் திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளை நாடுவர். மாரியில் வடக்கும் கிழக்கும் கொந்தளிக்கும்.

வழித்தூரமும் விலையைக் குறைக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் 300 கிலோமீற்றருக்கு மேலுள்ளது. பொலித்தீன் பையில் அடைபட்ட மீனின் கழிவால் நீரில் அமோனியா பெருகும். எனவே அனுப்புவதற்கு முன் ஓரிரு நாட்கள் தீனி நிறுத்தி, பையில் ஒட்சிசன் நிரப்பி, வெயில் படாது கொண்டுசெல்லல் வேண்டும். ஆழத்திற் பிடித்த மீனை மெதுவாகவே மேலே கொணர்க. விரைந்து தூக்கினாற் காற்றுப்பை ஊதி மீன் கெடும்.

பைகளிற் பிடித்த கரையின் பெயரையும் நாளையும் எழுதி, கரைவாரியாக வேறாக்கி அனுப்புக. எல்லாவற்றையும் கலந்து அனுப்பின், எக்கரை மீன் இறந்தது என்பதை எவரும் பிரித்துக் கூற இயலாது.