653 பவுணை விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதமும் அதோடு அனுப்பியிருந்த படிவங்களின் பிரதிகளும் கிடைத்தன. லண்டன் வந்த புதிதில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஒரு வருடம் வேலை செய்தபோது சேர்ந்த பென்சன் காசை, இப்போது வேலை செய்யும் சுப்பர்மார்க்கெட்டின் பென்சன் திட்டத்துக்கு மாற்றக் கேட்டிருக்கிறீர்கள். பழைய பென்சன் நிறுவனம் விண்ணப்பத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. "இந்தச் சின்னக் காசுக்கு இவ்வளவு அலைச்சல் வேணுமா, விட்டுவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள்.

முதலில் அது எவ்வளவு காசு, யாருடைய காசு என்று பார்ப்போம். அந்த வருடம் உங்கள் சம்பளம் 14,400 பவுண் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி குறைந்தபட்சம் 8 சதவீதம் பென்சனுக்குப் போக வேண்டும். முழுச் சம்பளத்திலும் அல்ல, 6,240 பவுணுக்கு மேலே உள்ள பகுதியில், அதாவது 8,160 பவுணில். அதில் உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்தது ஏறக்குறைய 326 பவுண். வரிச் சலுகையாக அரசாங்கம் சேர்த்தது 82. முதலாளி போட்டது 245. மொத்தம் 653. முதலீட்டின் ஏற்ற இறக்கத்தால் இன்றைக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். நீங்கள் இரவு வேலை பார்த்து உழைத்த சம்பளத்தின் ஒரு பகுதி அது. முதலாளியின் பங்கும் சம்பளம்தான், உங்கள் கைக்கு வராமல் நேராகக் கணக்குக்குப் போன சம்பளம்.

இப்படிச் சின்னச் சின்னக் கணக்குகள் சிதறிக் கிடப்பதற்கு உங்கள் கவனக்குறைவு காரணமில்லை. 2012 அக்டோபரில் பிரிட்டனில் தொழிலாளரைத் தானாகவே பென்சனில் சேர்க்கும் முறை தொடங்கியது. 22 வயதுக்கு மேல், வருடத்துக்கு 10,000 பவுணுக்கு மேல் உழைப்பவர்களை முதலாளி சேர்த்தே ஆக வேண்டும். நல்ல சட்டம். அதற்கு முன்னர் பராமரிப்பு இல்லத்திலும் கடைகளிலும் வேலை செய்த எங்கள் சனத்தில் பலருக்கு வேலையிடப் பென்சன் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் எந்த நிறுவனத்தில் கணக்குத் திறப்பது என்பதை முதலாளிதான் முடிவு செய்கிறார். ஆகவே வேலை மாறும்போதெல்லாம் புதிய நிறுவனம், புதிய கணக்கு. பழையது அங்கேயே கிடக்கும். 1,000 பவுணும் அதற்குக் குறைவாகவும் உள்ள இப்படியான கணக்குகள் 1 கோடி 30 இலட்சம் என்று 2025இல் அரசாங்கமே சொன்னது.

வேலை மாறினால் காசும் தொழிலாளியின் பின்னால் தானாகப் போக வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஏற்பாடு செய்தார்கள். அடுத்த வருடமே அதைக் கிடப்பில் போட்டார்கள். அவுஸ்திரேலியாவில் 2021 நவம்பரிலிருந்து, புதிய வேலைக்குப் போகிறவர் தானே ஒரு பென்சன் கணக்கைத் தேர்ந்தெடுக்காவிட்டால் முதலாளி அவருடைய பழைய கணக்கைத் தேடி அதிலேயே காசைப் போட வேண்டும். செய்ய முடிகிற காரியம்தான் என்பதற்கு அதுவே சாட்சி. இங்கே 2025 ஜூனில் நாடாளுமன்றத்துக்கு வந்த சட்டமூலத்தின் நோக்கம், கவனிப்பாரில்லாத சின்னக் கணக்குகளைத் தெரிவுசெய்த சில நிறுவனங்களில் ஒன்றுசேர்ப்பது. அது முழுமையாக நடைமுறைக்கு வர இன்னும் வருடங்கள் ஆகும். அதுவரைக்கும் இந்தச் சுமை முழுவதும், வேலை முடிந்து களைத்து வந்து ஆங்கிலப் படிவம் நிரப்பும் உங்கள் தலையில்தான். இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் படிவங்களுக்கு வருவோம். முதல் தடவை ஏன் திரும்பி வந்தது? கடிதத்தில் "உங்கள் விபரங்கள் எங்கள் பதிவோடு பொருந்தவில்லை" என்று ஒரே வரி. என்ன பொருந்தவில்லை என்று சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய பழைய சம்பளத் துண்டையும் இப்போதைய கடவுச்சீட்டுப் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், விஷயம் விளங்கியது. பராமரிப்பு இல்லத்தில் சம்பளம் போட்டவர் உங்கள் தகப்பனார் பெயரை முதற்பெயராகவும் உங்கள் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகவும் பதிந்திருக்கிறார். கலியாணத்துக்குப் பிறகு எடுத்த பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் உங்கள் கணவருடையது. கணினிக்கு நீங்கள் இரண்டு வேறு பெண்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பெற்றோர் என்னிடம் காட்டும் கடிதங்களில் இதே சிக்கலைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால், வேறொரு இடத்தில் ஒற்றை முதலெழுத்து. நீளமான பெயரென்றால் படிவத்தின் கட்டம் முடிந்த இடத்தில் பாதியோடு நின்றுவிடும். பென்சன் நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசுவது பெரும்பாலும் கணினி வழியாகத்தான். குடும்பப் பெயர், பிறந்த திகதி, நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், தபால் குறியீடு என்று பார்க்கும் இடத்தில் ஒன்று பிசகினாலும் விண்ணப்பம் நின்றுவிடும். உங்களுக்குப் பெயர் ஒரு பக்கம், தபால் குறியீடு மறுபக்கம். அந்த நாளில் ஈஸ்ட்ஹாமில் வாடகை அறையில் இருந்தீர்கள், இப்போது ஹரோவில். வருடாந்தக் கணக்கறிக்கைகள் எல்லாம் பழைய வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

ஆகவே மாற்றல் படிவத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் பழைய நிறுவனத்துக்கு ஒரு கடிதம், பெயரும் விலாசமும் திருத்தச் சொல்லி மட்டும். சம்பளத் துண்டில் உள்ள பெயரை அப்படியே எழுதி, இப்போதைய பெயரையும் எழுதி, இருவரும் ஒருவரே என்று காட்டும் பத்திரங்களின் பிரதிகளை இணையுங்கள். உங்கள் விவாகப் பதிவுச் சான்றிதழ் யாழ்ப்பாணத்தில் தமிழில் எழுதியது, ஆகவே அத்தாட்சிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வையுங்கள். அதுவும் போதாது என்றால் இங்குள்ள சட்டத்தரணி ஒருவர் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கலாம். நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம்தான் எத்தனை பெயர் மாறினாலும் மாறாதது, அதைக் கடிதத்தின் தலைப்பிலேயே போடுங்கள். திருத்திவிட்டோம் என்று எழுத்தில் பதில் வந்த பிறகே மாற்றலைத் தொடங்குங்கள். மாற்றலைக் கேட்கும்போது புதிய நிறுவனத்தைப் பிடியுங்கள். காசு வந்து சேரும் இடத்துக்காரர்தான் பெரும்பாலும் மற்றவரிடமிருந்து அதை வரவழைப்பார்கள்.

இரண்டாவது தடவை வந்த கடிதம் வேறு சங்கதி. அதில் மோசடிப் பரிசோதனை என்று எழுதி, நீங்கள் ஏதோ களவு செய்ததுபோல் கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். அதைப் படித்துப் பயந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைச் சந்தேகித்து அனுப்பிய கடிதம் அல்ல அது. 2015இல் பென்சன் காசை விரும்பியபடி எடுக்கும் சுதந்திரம் வந்ததும், ஆட்களை ஏமாற்றிப் போலித் திட்டங்களுக்குக் காசை மாற்றும் கூட்டங்கள் பெருகின. அதைத் தடுக்க 2021 நவம்பர் 30 முதல் புதிய விதி. சந்தேகம் வந்தால் பழைய நிறுவனம் மாற்றலை நிறுத்தலாம். சில வேளைகளில் மணிஹெல்ப்பர் என்ற அரச ஆலோசனைச் சேவையோடு தொலைபேசியில் பேசிய பிறகுதான் விடுவார்கள். அந்தச் சேவை இலவசம், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள்.

ஆனால் இங்கே உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு. அங்கீகாரம் பெற்ற மாஸ்டர் ட்ரஸ்ட் எனப்படும் பெரிய பொதுத் திட்டத்துக்குப் போகும் மாற்றலுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை என்று அதே விதி சொல்கிறது. உங்கள் சுப்பர்மார்க்கெட்டின் திட்டம் அந்த வகையா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். ஆம் என்றால் அதையே பழைய நிறுவனத்துக்கு எழுதுங்கள். விண்ணப்பம் முறையாகக் கிடைத்த ஆறு மாதத்துக்குள் அவர்கள் மாற்றலை முடிக்க வேண்டும் என்பது சட்டம். இழுத்தடித்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறைப்பாடு, பிறகு பென்சன் முறைப்பாடுகளை விசாரிக்கும் பென்சன் ஒம்புட்ஸ்மன். அங்கும் கட்டணம் இல்லை.

மாற்றுவதற்கு முன் சிலதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய திட்டம் வெளியிலிருந்து காசை ஏற்குமா? எல்லாத் திட்டங்களும் ஏற்பதில்லை. கட்டணம் எவ்வளவு? முதலாளி சேர்த்த வழமையான நிதியில் வருடத்துக்கு 0.75 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்று 2015 முதல் வரம்பு உண்டு. என்றாலும் சில திட்டங்கள் மாதாமாதம் ஒரு நிலையான தொகையையும் கழிக்கும். மாதம் ஒன்றரைப் பவுண் என்றாலும் வருடத்துக்கு 18 பவுண், 653இல் அது 2.8 சதவீதம் அளவு. கணக்குப் பெரிதாக இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குக் கரைந்துகொண்டே போகும். சின்னக் கணக்கை ஒன்றுசேர்க்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம். உங்கள் கணவருக்கு 2012க்கு முற்பட்ட பழைய பென்சன் ஏதும் இருந்தால் அதை இதே அவசரத்தில் தொட வேண்டாம். பழையவற்றில் உத்தரவாதத் தொகைகள் இருக்கக்கூடும், மாற்றினால் போய்விடும். இப்போது முதலாளி காசு போட்டுக்கொண்டிருக்கும் கணக்கை வெளியே மாற்றவே வேண்டாம், அவருடைய பங்கு நின்றுபோகலாம்.

பராமரிப்பு இல்லத்துக்கு முன்னர் ஏஜென்சி மூலம் சில மாதம் வேலை செய்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் ஒரு கணக்கு இருக்கக்கூடும். அரசின் பென்சன் தேடற் சேவை இலவசம். முதலாளியின் பெயரைக் கொடுத்தால் எந்த நிறுவனத்தைக் கேட்பது என்று சொல்லும். வேலை செய்த இடத்தின் பெயரைக் கொடுக்காதீர்கள், சம்பளத் துண்டில் முதலாளி என்று எழுதியுள்ள பெயரைக் கொடுங்கள். அதே மாதிரிப் பெயரில் கட்டணம் கேட்கும் தனியார் தளங்களும் உண்டு, கவனம்.

அடுத்ததை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் "பென்சன் காசை இப்பவே கையில் எடுத்துத் தருகிறோம்" என்று வந்த செய்தியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொடாதீர்கள். சாதாரணமாக 55 வயதுக்கு முன் எடுக்க முடியாது, 2028 ஏப்ரல் 6 முதல் அது 57. கடுமையான நோய் போன்ற விதிவிலக்கு இல்லாமல் முன்கூட்டி எடுத்தால் 55 சதவீதம்வரை வரி விழும், இடைத்தரகர் எடுப்பது வேறு. பென்சன் பற்றி முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் அழைப்பது 2019 ஜனவரி முதலே சட்டவிரோதம்.

இன்னொன்று, நான் கூடக் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஒவ்வொரு கணக்கிலும், நீங்கள் இல்லாமல் போனால் காசு யாருக்கு என்று விருப்பம் தெரிவிக்கும் படிவம் ஒன்று இருக்கும். பழைய கணக்கில் அதை நிரப்பினீர்களா? அந்தக் கணக்கு இருப்பதே ஊரில் இருக்கும் உங்கள் தாயாருக்கோ இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கோ தெரியுமா? பென்சன் நிறுவனங்களைத் தேசிய டாஷ்போர்ட் என்ற இணையச் சேவையில் இணைக்க 2026 அக்டோபர் 31 கடைசித் திகதி. பொதுமக்களுக்குத் திறந்த பிறகு பெரும்பாலான கணக்குகளை அங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் பார்க்கத்தான் முடியும், மாற்றவோ பெயர் திருத்தவோ அது உதவாது. பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயும் உங்கள் கணக்குத் தெரியாமல் போகலாம்.

பெயர் திருத்தும் கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியும் பற்றுச்சீட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், மாற்றல் படிவத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.

அன்புடன்