ஒலியியலும் ஒலியனியலும்: தமிழும் மலையாளமும் தரும் பாடம்

மனிதர் பேசும்பொழுது நுரையீரலினின்று எழும் காற்று குரல்வளையைக் கடந்து, நா, அண்ணம், பல், இதழ் ஆகியவற்றால் தடைப்பட்டும் நெகிழ்ந்தும் வெளிப்படுகின்றது. இவ்வாறு பிறக்கும் ஒலிகள் எண்ணற்றவை. ஒருவரே ஒரு சொல்லை இருமுறை கூறினும், நுண்ணிய கருவிகளால் அளந்தால் அவ்விரண்டும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஆயினும் எந்த மொழியும் இவ்வேறுபாடுகள் அனைத்தையும் பொருட்படுத்துவதில்லை. சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, பொருளை வேறுபடுத்தும் பணியை அவற்றிடம் ஒப்படைக்கின்றது.

ஒலிகள் எவ்வாறு பிறக்கின்றன, காற்றில் எவ்வாறு பரவுகின்றன, செவியில் எவ்வாறு படுகின்றன என்பனவற்றை ஆராய்வது ஒலியியல். குறிப்பிட்ட ஒரு மொழியில் எவ்வொலி வேறுபாடுகள் பொருளை வேறுபடுத்துகின்றன என்பதை ஆராய்வது ஒலியனியல். பொருளை வேறுபடுத்தும் அடிப்படை அலகு ஒலியன் எனப்படும். ஓர் ஒலியன் இடத்திற்கேற்பக் கொள்ளும் பல வடிவங்கள் மாற்றொலிகள் எனப்படும். இவ்விரு துறைகளின் வேறுபாட்டைத் தெளிவாகக் காண்பதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று, திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதியை அடுத்துள்ள ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலால் பெயர் பெற்ற இப்பகுதியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் உள்ளன. ஒரே வாயும் ஒரே செவியும் இரு மொழிகளின் கணக்கை வெவ்வேறாக வைத்துக்கொள்வதை இங்கே காணலாம்.

1. ஓர் எழுத்தும் பல ஒலிகளும்

‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்னும் மூன்று சொற்களையும் உரக்கக் கூறிப் பார்க்க. முதற்சொல்லில் ககரம் அதிர்வின்றி வெடித்து ஒலிக்கின்றது. இரண்டாவதில் குரல்நாண் அதிர்வுடன் ஒலிக்கின்றது. மூன்றாவதில் காற்று முழுவதும் தடைப்படாமல் உரசிச் செல்கின்றது. ஒலியியலார் இவற்றை மூன்று ஒலிகள் என்பர். ஒலியனியலாரோ ஒன்றே என்பர். ஏனெனில், எவ்விடத்தில் எது வரும் என்பது முன்னரே தெரிந்தது. ஒன்றிற்குப் பதிலாக மற்றொன்றை ஒலித்தால் பேச்சு வேற்றூரார் பேச்சுப்போல் தோன்றுமேயன்றி வேறு சொல் ஆகிவிடாது.

இதனை வாசகர் எளிதில் சோதித்து அறியலாம். விரல்களைத் தொண்டையின்மீது மெல்ல வைத்துக்கொண்டு ‘கப்பல்’ என்க; இடையில் அதிர்வு கணநேரம் நின்றுவிடும். பின்னர் ‘கம்பளம்’ என்க. அதிர்வு தொடர்ந்து நிற்கும். மெல்லெழுத்தை அடுத்து வரும் வல்லெழுத்து தானும் அதிர்வு பெறுகின்றது என்பது இதனால் விளங்கும்.

மலையாளத்தின் நிலை வேறு. வடசொற்கள் பெருவாரியாகக் கலந்து, தம் உச்சரிப்பையும் எழுத்தையும் உடன்கொணர்ந்தமையால், இரங்கத்தக்கவர் என்னும் பொருள்தரும் ‘பாவம்’ என்ற சொல்லும், முகக்குறிப்பு என்னும் பொருள்தரும் ‘பாவம்’ என்ற சொல்லும் அங்கு முதல் ஒலியால் வேறுபடுகின்றன. முன்னது அதிர்வில்லாதது, பின்னது அதிர்வுடையது. தமிழிலும் கற்றோர் பேச்சில் இவ்வேறுபாடு கேட்கப்படுகின்றது; ஆனால் எழுத்தில் இல்லை. இந்தியில் இது மேலும் விரிகின்றது. கணம், பழம், வலிமை என்னும் பொருளுடைய மூன்று சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘பல்’ என்றே முடியும். இந்தி பேசுவோர்க்கு அவை தனித்தனிச் சொற்கள்.

2. நகரமும் னகரமும்

இனி, இதற்கு நேர்மாறான ஒன்றைக் காண்போம். தமிழில் ந, ன என இரு எழுத்துகள் உள்ளன. நகரம் சொல்லின் முதலிலும் தகரத்திற்கு முன்னும் வரும். னகரம் ஏனைய இடங்களில் வரும். ‘முந்நூறு’, ‘அந்நாள்’ போன்ற தொடர்களில் இடையில் வரும் நகரமும் பின்வரும் சொல்லின் முதலெழுத்தைச் சார்ந்ததே. இன்றைய பேச்சில் பெரும்பாலோர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி ஒலிப்பதுமில்லை. எழுத்து இரண்டாயினும் இன்றைய பேச்சில் ஒலியன் ஒன்றே எனலாம்.

மலையாளத்தில் இவ்விரண்டிற்கும் எழுத்து ஒன்றே. ஆனால் ஒலியன்கள் இரண்டு. தமிழின் ‘என்னால்’ என்பது மலையாளத்திலும் நாநுனி பல்லின் மேலுள்ள ஈற்றைத் தொட ‘என்னால்’ என்றே ஒலிக்கும். தமிழின் ‘என்றால்’ என்பதற்கு இணையான சொல்லோ நாநுனி பல்லைத் தொட ‘எந்நால்’ என ஒலிக்கும். மலையாள ஏட்டில் இரண்டும் ஒரே வடிவில் எழுதப்படுகின்றன. பேசுவோர் செவியோ ஒருபொழுதும் அவற்றைக் குழப்புவதில்லை. அவ்வாறே கன்னியைக் குறிக்கும் சொல்லில் னகர ஒலியும், பன்றியைக் குறிக்கும் ‘பந்நி’ என்பதில் நகர ஒலியும் வரும். தமிழ் தனக்குத் தேவையில்லாத ஒரு வேறுபாட்டை எழுத்தில் காத்துவருகின்றது. மலையாளம் தனக்கு இன்றியமையாத வேறுபாட்டை எழுதாமலே காத்துவருகின்றது. எழுத்து வேறு, ஒலி வேறு, ஒலியன் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

3. குற்றியலுகரம்

‘நடு’, ‘நாடு’ என்னும் சொற்களின் இறுதி உகரங்களை ஒப்பிடுக. முன்னது இதழ் குவிந்து முழுமையாக ஒலிக்கும். பின்னது குறுகி, இதழ் குவியாமல் ஒலிக்கும். தனிக்குறிலை அடுத்த வல்லெழுத்தின்மேல் நிற்பது முற்றியலுகரம். ஏனைய இடங்களில் வல்லெழுத்தின்மேல் சொல்லிறுதியில் நிற்பது குற்றியலுகரம். இடமே வடிவை நிர்ணயிப்பதால் தமிழில் இவை மாற்றொலிகள் எனக் கொள்ளத்தக்கவை. மலையாளத்தில், ‘வந்தான்’ என்னும் முற்றுப்பொருளில் ‘வந்நு’ என உகரம் முழுமையாக ஒலிக்கும். ‘வந்து’ என்னும் எச்சப்பொருளில் அதே உகரம் குறுகி ஒலிக்கும். தமிழில் வெறும் பழக்கமாக நின்ற குறுக்கம், அங்கு இலக்கணப் பொருளைத் தாங்கும் தூணாகிவிட்டது.

தொல்காப்பியர் குற்றியலுகரத்தை முப்பது எழுத்துகளோடு சேர்க்காமல் சார்பெழுத்தாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. ‘நுந்தை’ என்னும் முறைப்பெயரின் முதலில் வரும் குற்றியலுகரத்தைக் கூறுமிடத்து, அது முற்றியலுகரமாக ஒலிப்பினும் பொருள் வேறுபடாது என்கிறார். ஒலி மாறியும் பொருள் மாறாமையைக் கவனித்துக் கூறும் இக்கருத்து ஒலியனியலின் அடிப்படை வினாவேயாகும். ஒலிகள் பிறக்கும் முறையை அவர் பிறப்பியல் எனத் தனி இயலாக வகுத்ததும் குறிப்பிடத்தக்கது.

4. தற்கால ஆராய்ச்சி

மேனாட்டில் இவ்விரு துறைகளையும் வரையறுத்துப் பிரித்தவர்களுள் முதன்மையானவர் துருபெத்ஸ்கோய். அவர் 1938இல் மறைந்தார். ஒலியனியலின் அடிப்படைகள் பற்றிய அவரது நூல் 1939இல் வெளிவந்தது. அந்நூலில் தமிழின் வல்லின ஒலிகளும் எடுத்துக்காட்டாக ஆளப்பட்டுள்ளன. 1964இல் லிஸ்கர், ஆப்ரம்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், தமிழ், இந்தி, மராத்தி உள்ளிட்ட 11 மொழிகளில், சொல்முதல் வெடிப்பொலி வெளிப்படுவதற்கும் குரல்நாண் அதிரத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலத்தை அளந்தனர். கருவி தருவது மில்லிசெக்கண்டுக் கணக்கு. அக்கணக்கில் எவ்விடத்தில் எல்லைக்கோடு விழும் என்பதையோ அந்தந்த மொழியே முடிவுசெய்கின்றது. திருவனந்தபுரத்தில் 1971இல் நிறுவப்பட்ட திராவிட மொழியியற் கழகம் இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணை நின்றுள்ளது.

இவ்வெல்லைக்கோடு மிக இளமையிலேயே மனத்தில் பதிகின்றது. 1984இல் கனடா நாட்டில் வெர்க்கர், டீஸ் என்போர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதப் பருவத்தில் இந்தியின் தகர, டகர வேறுபாட்டை உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதப் பருவத்தில் அத்திறன் பெரிதும் குன்றியது. செவி கெடவில்லை, தன் மொழிக்குத் தேவையற்றதைப் பொருட்படுத்தாதிருக்க மனம் பழகிவிட்டது.

5. பள்ளியில் இதன் பயன்

இவ்வுண்மை அறியப்படாவிடில் துன்புறுவோர் சிறுவரே. தமிழ் வீட்டினின்று மலையாளப் பள்ளிக்குச் செல்லும் சிறுவன், சொல்வதெழுதுதலில் அதிர்வுடைய எழுத்துக்கு மாறாக அதிர்வில்லா எழுத்தை எழுதினால், அவனைக் கவனமற்றவன் என்றோ செவிக்குறை உடையவன் என்றோ முடிவுகட்டுதல் பொருந்தாது. அவன் மொழி அவ்வேறுபாட்டைக் கேளாதிருக்க அவனைப் பழக்கியுள்ளது. ஒலியால் மட்டும் வேறுபடும் இரு சொற்களை அடுத்தடுத்துக் கூறி, பொருள் மாறுவதைக் காட்டுவதே அவனுக்கு ஏற்ற பயிற்சி. தமிழ் பயிலும் மலையாளச் சிறுமி ந, ன எழுத்துகளில் தடுமாறினால், அவளுக்கு அப்பயிற்சி உதவாது. அவள் செவி வேறுபாட்டை நன்கு அறியும். ஆனால் இன்றைய தமிழ்ப் பேச்சில் அது கேட்பதில்லை. அவளுக்குக் கற்பிக்க வேண்டியது, எவ்வெழுத்து எவ்விடத்தில் வரும் என்னும் விதியே.

பிழைகளும் இருவகை. ஒலி சற்றே வேறுபட்டும் சொல் மாறாதிருப்பது ஒருவகை. அதனைக் காலப்போக்கிற்கு விட்டுவிடலாம். ஒலி மாறச் சொல்லே மாறிவிடுவது மற்றொருவகை. அதனை உடனே திருத்தவேண்டும். எப்பிழை எவ்வகையைச் சார்ந்தது என்பது மொழிதோறும் மாறும். ஆதலின், மாணவனது பிழையைத் திருத்தப் புகும் ஆசிரியர், தாம் கற்பிக்கும் மொழியின் ஒலியன்களை மட்டுமன்றி, அவன் வீட்டு மொழியின் ஒலியன்களையும் அறிந்திருத்தல் வேண்டும்.