கதை நேரத்தில் நிறமும் சாதியும் பேசலாம்

பல படக்கதைகளில் அரக்கன் கறுப்பு, இளவரசி வெள்ளை. சின்னக் குழந்தை இதைப் பார்த்தே பழகிவிடுகிறது. அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தி, "அரக்கனுக்கு மட்டும் ஏன் இந்த நிறம் பூசியிருக்காங்க?" என்று கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். வண்ணப் பென்சிலைக் கொடுத்து, அதே இளவரசியை அத்தையின் நிறத்தில் வரையச் சொல்லலாம்.

கறுப்புக் குழந்தைகள் துன்பப்படும் கதைகளை மட்டுமே படித்துக் காட்டுவது தவறு. எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' (1962) நூலில் பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனியில் ஆசைதீர விளையாடுகிறான். அந்த மகிழ்ச்சியைத்தான் குழந்தை முதலில் பார்க்க வேண்டும்.

ஆறேழு வயதில் ரூபி பிரிட்ஜஸைப் பற்றிச் சொல்லுங்கள். 1960-இல், ஆறு வயதில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குக் காவலர் துணையோடு போன கறுப்பினச் சிறுமி அவர்.

நம் நாட்டுக் கதையை ஒதுக்கிவிடக் கூடாது. சாதியின் பெயரால் பள்ளியில் தானே தண்ணீர் எடுத்துக் குடிக்க விடப்படாத சிறுவன் அம்பேத்கரை, கோண்டு ஓவியங்களோடு 'பீமாயணம்' என்ற படக்கதை நூல் காட்டுகிறது. இதைப் பத்து வயதையொட்டிக் கூடவே உட்கார்ந்து படியுங்கள். "அந்த வகுப்பில் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள்.

புத்தகம் வாங்க வசதியில்லையா? பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம்.

வீட்டில் யாராவது "வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே" என்றால், குழந்தையின் எதிரிலேயே மரியாதையாக மறுத்துப் பேசுங்கள்.