காட்டுத் தீயும் கணிப்பொறி மாந்தரும்

காற்றின் வேகம், நிலச்சரிவு, சருகின் ஈரம் முதலியவற்றைக் கொண்டு காட்டுத் தீ பரவும் வேகத்தைக் கணக்கிடும் முறையொன்றை ரிச்சர்டு ராத்தர்மெல் என்னும் அமெரிக்கர் 1972-இல் வெளியிட்டார். நெருப்புக்கு மனம் இல்லை, சமன்பாட்டிற்குள் அடங்கியது. அதைக் கண்டு ஓட வேண்டிய மனிதன் அவ்வாறு அடங்குவானா? எனக்குத் தீயைக் காட்டிலும் இக்கேள்வியே சுவையாகப் படுகிறது.

மக்களைக் கணக்கிடும் எளிய முறை, அவர்களை வாய்க்கால் நீராகக் கொள்வது. இத்தனை வீடுகள், இத்தனை கார்கள், சாலை தாங்குவது இவ்வளவு. ஆகவே ஊர் காலியாக இத்தனை மணி நேரம். எச்சரிக்கை கேட்டதும் அனைவரும் ஒரே திசையில் புறப்படுவர் என்பது இதன் அடிப்படை. நடந்தது வேறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று மூண்ட தீயில் 173 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் உயிர்விட்டது வீட்டுக்குள். 'முன்னரே வெளியேறு, அல்லது நின்று வீட்டைக் காத்துக்கொள்' என்று அரசு இரு வழிகள் கூறியிருந்தது. பலர் தாமாகவே மூன்றாவதைத் தேர்ந்தனர்: 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.'

இந்தப் 'பொறுத்துப் பார்ப்போ'மைக் கணிப்பொறிக்குக் கற்பிப்பது எங்ஙனம்? மைக்கேல் பிராட்மன் என்ற தத்துவ அறிஞர் 1987-இல் எழுதிய நூலின் கருத்து இங்கே கைகொடுத்தது. தத்துவ வகுப்பை வீண் என்போர் கவனிக்க! கணிப்பொறிக்குள் உலவும் ஒவ்வொரு மாந்தருக்கும் நம்பிக்கை, விருப்பம், தீர்மானம் என மூன்று உண்டு. ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். 'தீ தொலைவில் இருக்கிறது' என்பது நம்பிக்கை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும் என்பது விருப்பம். ஆகவே அவள் கார் முதலில் தீயை நோக்கியே செல்லும்! புகையைக் கண்ட கணத்தில் நம்பிக்கை மாறும், தீர்மானமும் மாறும். இத்தகைய ஆயிரக்கணக்கான மாந்தரை ஒரே வரைபடத்தில் உலவவிட்டால், எதிரெதிரே வரும் கார்கள் சந்திகளில் நெருக்குவதைத் திரையில் காணலாம். வாய்க்கால் கணக்கில் இந்த நெருக்கடி தோன்றாது.

கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் தன்னைப் பல வட்டங்களாகப் பிரித்து, வட்டம் வட்டமாக வெளியேறத் திட்டம் வைத்திருந்தது. 2018 நவம்பர் 8 காலையில் தீ அந்த வரிசைக்குக் காத்திருக்கவில்லை, சாலைகள் அடைபட்டன. அத்தீயில் மாண்ட 85 பேரில் பெரும்பாலோர் முதியோர். எனவே காரில்லாத முதியவரையும் மாதிரிக்குள் சேர்த்தாக வேண்டும்.

மாந்தருக்குரிய விதிகளைப் பெரிதும் உயிர் பிழைத்தோரைக் கேட்டே எழுதுகின்றனர். மாண்டோர் கடைசி மணி நேரத்தில் என்ன எண்ணினர் என்பதற்கு, அண்டை வீட்டாரின் சாட்சியமும் தொலைபேசியில் சொன்ன இரண்டொரு வார்த்தைகளுமே கிடைக்கின்றன. விக்டோரியாவில் அமைந்த விசாரணை ஆணையம் 173 மரணங்களையும் தனித்தனியே ஆராய்ந்தது.