கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதா? புதுசு வாங்குமுன் பாருங்கள்



செந்துறை பக்கம் ஒரு குழுவில் கணக்கு எழுதப் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் போனபோது, உள்கடன் கணக்கைத் திறக்கவே கால் மணி நேரம் ஆச்சு. "கடையில காட்டினோம் மேடம். பிராசசர் போயிடுச்சு, புதுசு வாங்குங்கன்னுட்டாங்க" என்றார் ஊக்குநர். குழுப் பணத்தில் 25,000 ரூபாய் எடுக்கத் தீர்மானம் எழுதப் போனார்கள். அந்தப் பணத்தை நம்பி மாட்டுக் கடன் கேட்டிருந்த உறுப்பினர் வாய் திறக்கவில்லை. "ஒரு வாரம் பொறுங்க" என்றோம்.

பிராசசர்தான் கம்ப்யூட்டரின் மூளை. அதன் வேகத்தை ஜிகாஹெர்ட்ஸில் சொல்வார்கள். 1 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடி துடிப்பு. இதன் வேகம் 2.4 என்று போட்டிருந்தது, ஓடியதோ 0.8.

எப்படிப் பார்ப்பது?

விண்டோஸ் 10, 11-இல் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'சிபியூ'வைத் தொடுங்கள். 'பேஸ் ஸ்பீடு' என்பது கம்பெனி சொன்ன வேகம். 'ஸ்பீடு' என்பது இப்போது ஓடும் வேகம். சும்மா இருக்கும்போது குறைவாகக் காட்டினால் பயம் வேண்டாம். கரண்ட்டை மிச்சம் பிடிக்க அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலை கொடுத்தும் ஏறாவிட்டால்தான் கோளாறு.

என்ன செய்யலாம்?

1. கணக்கை முதலில் பென் டிரைவில் நகல் எடுங்கள்.

2. 'பவர் ஆப்ஷன்ஸ்' போய்ப் பாருங்கள். 'பவர் சேவர்' என்றிருந்தால் 'பேலன்ஸ்டு' ஆக்குங்கள்.

3. அதற்குரிய சார்ஜர்தானா பாருங்கள். வாட் குறைந்த சார்ஜர் போட்டால் சில லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துவிடும்.

4. சூடு பாருங்கள். நம்ம அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகளின் தூசி வீட்டுக்குள்ளும் வருது. விசிறியில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. கருகிப் போகாமல் இருக்க பிராசசர் தானே வேகத்தைக் குறைக்கும். தலையணை, மெத்தை மேல் வைத்தாலும் இதே கதைதான். மரப்பலகை மேல் வையுங்கள்.

ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் வேகத்தைப் பாருங்கள். அப்போதுதான் காரணம் எதுவென்று தெரியும். வேகம் சரியாக இருந்தும் கம்ப்யூட்டர் இழுத்தால், ரேம் அல்லது ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அந்தக் குழுவில் அமைப்பும் சரி, சார்ஜரும் சரி. வேறொரு மெக்கானிக் கழற்றியபோது விசிறிக்குள் தூசி பஞ்சு மாதிரி இருந்தது. சுத்தம் செய்து, பிராசசர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டையும் மாற்றினார். செலவு 600 ரூபாய். வேலை கொடுத்ததும் 2.4 காட்டியது. அடுத்த கூட்டத்தில் மாட்டுக் கடன் தீர்மானம்தான் எழுதினோம்.

உங்கள் குழுவில் பேச: நம்ம கம்ப்யூட்டர் விசிறியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தோம்? பெரிய செலவு என்று ஒருவர் சொன்னால், இரண்டாவது ஆளிடமும் கேட்டோமா?